தும்பி இறங்கும் கட்டம்

அண்ணாச்சி, இந்த சீட்டுக்கு ஆளு உண்டா? இல்லியே? அப்பம் நான் உக்காந்துக்கிடுதேன். கூட்டத்தப் பாத்தியளா. மத்த நாளுல இந்த பஸ்ஸுல பாதி சீட்டு காத்தாடும். இன்னைக்கு எல்லாம் ராக்கெட் பாக்கப் போற சனம். புளியோதரையும் பாயுமா, கோயில் கொடைக்குப் போற மாதிரி கெளம்பி வந்துருக்கு. நீங்களும் அதுக்குத்தானா? இல்லியா, மக வீட்டுக்கா. உடன்குடியா. நல்லது, நல்லது. அப்பம் ராக்கெட்டப் பத்தி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச ஆளுகிட்ட இன்னைக்கு என்னால வாயத் தொறக்க முடியாது.

எனக்கு ஒரே பயம். காலைலருந்து ஒரு வாய் காப்பி குடிக்கல. ஒரு உயிரு அண்ணாச்சி, எங்க வீட்டு உயிரு, இப்பம் நடுக்கடல்ல நிக்கி. ராக்கெட் கெளம்புனா அது தலைக்கு மேல என்ன வந்து விழும்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. இருங்க, மொதல்லருந்து சொல்லுதேன். பாதியிலருந்து சொன்னா ஒங்களுக்கு என்னையப் பத்தித் தப்பாத் தோணிரும்.

எம்பேரு இஞ்ஞாசி. பாளையங்கோட்டைல ஃபிளெக்ஸ் கடை, இஞ்ஞாசி டிஜிட்டல்ஸ். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாத்துக்கும் நம்மகிட்டதான் வருவாங்க. சொந்த ஊரு கடக்கரை. ஆனா எனக்குத் தண்ணியக் கண்டா தல சுத்தும், அதனால அப்பாவோட மீன்பிடித் தொழிலு எங்க வீட்ல முடிஞ்சு போச்சு. வானத்தக் கண்டா மட்டும் சுத்தாது. சின்னதுலருந்து ராக்கெட் பைத்தியம். என்னையப் பாத்த நேரத்த விட அந்தப் பொகையப் பாத்த நேரந்தான் கூடன்னு வீட்டுக்காரி குத்திக் காட்டுவா. பொய்யில்ல.

என்னைய மாதிரி பைத்தியம் ஊருக்கு ஊரு உண்டு அண்ணாச்சி. எல்லாத்தையும் சேத்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சேன், தென்கோடி ராக்கெட் சங்கம்னு. நாந்தான் அட்மின். பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு, மாவு மில்லுக்காரர் இருக்காரு, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் அம்மா ஒண்ணு இருக்கு. பேச்சு ஒரே பேச்சுதான். செயற்கைக்கோள் சின்னதாகிப் போச்சு, ஒரு டிபன் கேரியர் அளவுல கூட வந்தாச்சு. அதக் கொண்டு போக பெரிய ராக்கெட்டா, சின்ன ராக்கெட்டா? மேல போன ராக்கெட் திரும்பி வரணுமா, கடல்ல விழுந்து தொலைஞ்சாலும் பரவால்லியா? நீங்க சிரிக்கிய. எங்களுக்கு இது எலக்சன விடப் பெருசு. இதுல பேச்சுவார்த்தை அத்துப்போன சிநேகிதம் எல்லாம் உண்டு.

ஒங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுதேன். பெரிய ராக்கெட் இந்த பஸ் மாதிரி. நூறு செயற்கைக்கோள ஏத்திக்கிட்டுப் போவும், ஆளுக்குக் கொஞ்சந்தான் செலவு. ஆனா பஸ் ஸ்டாண்டுலதான் எறக்கி விடும். சின்ன ராக்கெட் ஆட்டோ. கூலி கூடத்தான், ஆனா நம்ம வாசல்ல கொண்டு விடும்லா. கூலியக் கொறைக்கணும்னா என்ன செய்யணும்? போன ஆட்டோ திரும்பி வரணும். ஒவ்வொரு சவாரிக்கும் புது ஆட்டோ வாங்கவா முடியும்? வீட்ல தண்ணி கேன் காலியானா தூக்கியா எறியுதோம்? கழுவி மறுபடி நெறச்சுக்கிடுதோம்லா. நான் சொன்னது அவ்வளவுதான். குரூப்புல பாதிப் பேரு எம்பக்கம்.

மத்தப் பாதி செல்வின் பக்கம். செல்வின் நாகர்கோவிலு, இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவனுக்கு எதப் பாத்தாலும் விழும், எரியும், சாகும்னுதான் தோணும். தொழில் அப்படி. சின்ன ராக்கெட்டு சொமக்கதே கொஞ்சம், அதுல திரும்பி வர பாராசூட்டையும் கட்டிவிட்டா பாரத்துக்கு எங்க எடம்னு கேப்பான். ஆட்டோல மூணு ஸ்டெப்னியக் கட்டிக்கிட்டு ஆள வழியிலயே எறக்கி விடுவியாலன்னு ஒரு நாளு எழுதுனான். அதுக்கு எல்லாரும் சிரிக்குத பொம்மை போட்டாங்க. எம்பக்கத்து ஆளுகளும் போட்டாங்க. எனக்கு அன்னைக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

அந்த நேரத்துலதான் தும்பி வந்துச்சு. தனியார் கம்பெனி ராக்கெட், நம்ம கடக்கரைலருந்தே கெளம்புது. ராக்கெட்டோட கீழடுக்கு மேல போயி, கழண்டு, பாராசூட்ட விரிச்சு, மெதுவா கடல்ல வந்து எறங்கும், கப்பல் போயி தூக்கிட்டு வந்து தொடச்சு அடுத்த தடவைக்கு வச்சுக்கிடும்னு கம்பெனி அறிவிச்சுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. எம்பொண்ணு பரீட்சைல மார்க் வாங்குனப்பக் கூட அப்படி வரல.

இப்பம் கவனமாக் கேளுங்க, விஷயமே இதுலதான். ராக்கெட் விடுதப்போ மீன்பிடி வள்ளம் எதுவும் இந்த எடத்துக்கு வரக்கூடாதுன்னு கடல் வரைபடத்துல கட்டம் போட்டுக் குடுப்பாங்க. தும்பிக்கு ரெண்டு கட்டம். ஒண்ணு சின்னது, பாராசூட் விரிஞ்சா அதுக்குள்ளதான் எறங்கும். இன்னொண்ணு பெருசு, அந்தச் சின்னக் கட்டத்தச் சுத்தி, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும். பாராசூட் விரியலன்னா அதுக்குள்ள எங்கயும் விழலாம். ரெண்டுக்குள்ளயும் யாரும் போகக்கூடாது. அந்த அறிவிப்பு எங்க ஊருக்காரங்களுக்குப் படிச்சா வெளங்காது. நான் பெறந்த ஊருக்கு நான் செய்யாம யாரு செய்வா? மீன் ஏலக்கூடத்து வாசல்ல மாட்டுத மாதிரி பெரிய ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடுத்தேன். என் செலவு. கடலு நீலம், ஊரு பச்சை, சர்ச்சு கோபுரம் வெள்ளை, மூலைல என் போட்டோ.

பெரிய கட்டத்தையும் போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. போடாம இல்ல. போட்டா கடலு முழுக்கச் செவப்பா நிக்கி. பாக்குத சனம் என்ன நெனைக்கும்? இது விழப்போற ராக்கெட்டுன்னுதான நெனைக்கும். மொத மொதல்ல நம்ம மண்ணுலருந்து கெளம்புது, அதுக்கு இழவு வீட்டு போஸ்டர் மாதிரியா படம் போடுவாங்க? அதனால சின்னக் கட்டத்த மட்டும் வச்சேன். 'தும்பி இறங்கும் கட்டம்'னு மஞ்ச எழுத்துல அழகா வந்துச்சு. குரூப்புல போட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. செல்வின் மட்டும் ஒரே ஒரு வரி எழுதுனான்.

"பெரிய கட்டத்த அழிக்காத இஞ்ஞாசி. அதுக்குள்ள ஆளு நிப்பான்."

பொறாமை. எல்லாரும் பாராட்டுதப்போ ஒருத்தன் இப்படிச் சொன்னா வேற என்ன? அந்த நிமிசமே அவன குரூப்ப விட்டுத் தூக்கிட்டேன். அட்மினுக்கு அந்த உரிமை உண்டும்லா.

தூக்கிட்டனே தவிர ஒறக்கம் வரல. தும்பி வந்து எறங்குறத வீடியோவா எடுத்து, அவனுக்குத் தனியா அனுப்பணும்னு ஒரே நெனப்பு. கம்பெனி வீடியோவ அனுப்புனா வெளம்பரம்னு சொல்லிருவான். நம்ம ஆளு எடுத்ததா இருக்கணும். அப்பந்தான் ததேயுஸ் ஞாபகம் வந்துச்சு. எந்தங்கச்சி ரெஜினா மாப்ள. பைபர் வள்ளம் வச்சிருக்கான். கடல்ல அவன அடிச்சுக்க ஆளு கெடையாது. எம்மேல அவ்வளவு மரியாதை. நான் ஒண்ணு சொன்னா மறுபேச்சு கெடையாது. மாப்ள, சின்னக் கட்டத்துக்கு வெளிய, ஓரமா ஒட்டி நின்னு எடு, பயமே வேண்டாம், நம்ம வீட்டு முத்தத்துல தும்பி வந்து ஒக்காருத மாதிரி எறங்கும்னு சொன்னேன். சரி மச்சான்னுட்டான். என் நல்ல கேமராவக் குடுத்தேன்.

என்ன பாக்கிய? ஆமா, சின்னக் கட்டத்துக்கு வெளியன்னா பெரிய கட்டத்துக்கு உள்ளதான். நட்ட நடுவுலதான். ஆனா பாராசூட் விரிஞ்சா அது ஒரு வில்லங்கமும் இல்லியே.

இன்னைக்குக் காலைல கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டுருக்கு. கடல்ல அலை தூக்குதாம். கீழடுக்க எடுக்கப் போன கப்பலு தொறமுகத்துக்குத் திரும்பிட்டாம். எடுக்க ஆளில்லாம எதுக்குப் பாராசூட்டுன்னு இந்தத் தடவை திரும்பக் கொண்டு வார முயற்சிய விட்டுட்டாங்களாம். அடுத்த தும்பில பாத்துக்கிடலாமாம். தும்பி மேல தப்பில்ல அண்ணாச்சி, அதச் சொல்லிருதேன். பாராசூட் விரியாமப் போகல. விரிக்கவே போறதில்ல. கீழடுக்கு சும்மா கல்லு மாதிரி வரும். சின்னக் கட்டம்னு ஒண்ணு இன்னைக்கு இல்லவே இல்ல. பெரிய கட்டம் மட்டுந்தான் இருக்கு. அதுக்குள்ள ததேயுஸ் என் கேமராவத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வானத்தப் பாத்து நிக்கான்.

வயர்லெஸ்ல கூப்பிடலாம்னு சொல்லுதிய. வள்ளத்துல செட்டு இருக்கு. ஆனா அவன் அத அமத்தி வச்சிருப்பான். ரோந்துப் படகு கூப்பிட்டா பதில் சொல்லணும், பதில் சொன்னா வெரட்டிருவான், அதனால அமத்திட்டு நில்லு மாப்ளன்னு... ஆமா, நாந்தான் சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். செல்போன் அவ்வளவு தூரத்துக்கு எடுக்காது. காலைலருந்து அடிச்சு அடிச்சு என் வெரல் மரத்துப் போச்சு.

பஸ் ஏறுததுக்கு முன்னால ரெஜினா போன் பண்ணுனா. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே பேசுதா, சத்தம் கேக்கு. எப்பவும் இப்படிக் கேக்க மாட்டா. இன்னைக்குக் கேட்டா.

"அண்ணே, அவர் நிக்கிற எடம் பத்திரம்தானே?"

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ பிள்ளையப் பாரு"ன்னேன்.

சொல்லிட்டு கடை ஷட்டரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மாதாவே, மாதாவேன்னு வாயி சொல்லுது, மனசு வேற எங்கயோ ஓடுது. ராக்கெட் கெளம்பணும், கெளம்பணும்னு வருசக்கணக்கா நேந்துக்கிட்டவன், இன்னைக்கு அது கெளம்பக்கூடாதுன்னு நேந்துக்கிடுதேன். அந்த சாமியே கொழம்பிப் போயிருக்கும்.

பஸ் ஏன் நிக்கி? போலீசா? ஓ, இதுக்கு மேல விட மாட்டாங்களாமா. ராக்கெட் போன பெறகுதானா. முன்னால அந்த அக்கா போன்ல நேரலை ஓடுது, கேக்குதா? இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குன்னு சொல்லுதான். எல்லாம் நல்லபடியாப் போகுதாம். நல்லபடியா.

எனக்குத் தெரியும் அண்ணாச்சி, நீங்க என்ன சொல்ல வாரியன்னு. அறிவிப்புலயே பாதுகாப்பு அறை நம்பர் போட்டுருக்கு. கட்டத்துக்குள்ள வள்ளத்தக் கண்டா ஒடனே கூப்பிடுங்கன்னு. ஒரு போன் போட்டா நிறுத்திருவான். காலைலருந்து எத்தன தடவ அந்த நம்பர எடுத்து வச்சுப் பாத்துட்டேன் தெரியுமா. ஆனா என் போன்லருந்து எப்படிக் கூப்பிட? அந்த ஃபிளெக்ஸ்ல என் போட்டோவுக்குக் கீழ இதே நம்பர்தான் கொட்டை எழுத்துல நிக்கி. யாருவேன்னு தேடுனா ஏலக்கூடத்து வாசல்லயே கண்டுபிடிச்சிருவான். பெரிய கட்டத்த ஏன்வே மறைச்சன்னு கேப்பான். ஜெயில்ல போட்டாலும் போடுவான். குரூப்புல என்ன சொல்லுவாங்க? தும்பிய நிறுத்துனது யாருன்னா அட்மினு. செல்வினுக்கு இது தெரிஞ்சா... வேண்டாம். 'நான் அன்னைக்கே சொன்னேன்'னு கூட ஒரு வரி எழுத மாட்டான். அதத்தான் என்னால தாங்க முடியாது.

அவங்ககிட்ட ரேடார் இருக்கும்லா, பாத்திருப்பாங்கன்னு கொஞ்ச நேரம் மனசச் சமாதானப்படுத்திக்கிட்டேன். ஆனா பைபர் வள்ளம் தண்ணியோட தண்ணியாக் கெடக்கும், அலை தூக்குத நேரத்துல எங்க தெரியும்? ததேயுஸ் சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். இப்பம் ஒரு மணி நேரமா அந்த மொகந்தான் கண்ணுக்குள்ள நிக்கி. பயமா இருக்கு அண்ணாச்சி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

ஒங்க போனக் கொஞ்சம் தாரியளா?

உண்மையச் சொல்லிருதேன். பஸ்ல ஏறுனதும் எல்லார் கையையும் பாத்துக்கிட்டேதான் வந்தேன். ஒங்க கைலதான் பட்டன் போனு இருந்துச்சு. அதுலருந்து கூப்பிட்டா அங்க படமும் வராது, பேரும் காட்டாது. வயசுல பெரியவரு, மொகத்துல கருணை. ஒரே ஒரு கால். பேசுனதுக்குக் காசு வேணும்னா... சரி, சரி, வேண்டாம். தப்பாப் பேசிட்டேன். ஒங்க பேரு என்ன அண்ணாச்சி? ஆவுடையப்பனா. நல்ல பேரு. குடுங்க. நம்பர் எனக்கு மனப்பாடம்.

அடிக்குது.

ஹலோ. ஆமா சார், ராக்கெட் விசயமா. கட்டத்துக்குள்ள ஒரு வள்ளம் நிக்கி சார். பெரிய கட்டத்துக்குள்ள. சின்னதுக்குத் தெக்க, ஒட்டுனாப்புல. நீல வள்ளம், ஒரே ஆளு. வயர்லெஸ் அமந்து கெடக்கு சார், கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல, ஆளு போகணும். எனக்கா? எப்படித் தெரியும்னா... கரைல பேசிக்கிட்டாங்க சார். நிச்சயமா நிக்கி. சத்தியமா நிக்கி. நிறுத்திருங்க சார், கெஞ்சிக் கேக்கேன். பேரா?

ஆவுடையப்பன்.

வச்சுட்டான். கோவப்படாதிய அண்ணாச்சி, கோவப்படாதிய. போன் ஒங்களது, பேரு வேறயா இருந்தா சந்தேகம் வரும்லா. நல்ல காரியத்துக்குத்தான சொன்னேன். ஒரு உயிரக் காப்பாத்துன புண்ணியம் ஒங்க கணக்குலதான் ஏறும். எனக்கு அது வேண்டாம்.

கேளுங்க, அந்த அக்கா போன்ல பேச்சு நின்னு போச்சு. சத்தமே காணும். என்னக்கா ஆச்சு, என்ன சொல்லுதான்? நிறுத்தியாச்சா? அபாயப் பகுதில வள்ளமாம். நிறுத்திட்டான். நிறுத்திட்டான் அண்ணாச்சி. மாதாவே. ஒரு நிமிசம், நான் மூச்சு விட்டுக்கிடுதேன். கண்ணுல தண்ணி வருதா? வரட்டும்.

சனத்தப் பாருங்க, என்னமாக் கொதிக்கி. விடியுததுக்கு முன்னால பிள்ளைகள எழுப்பிக் கெளம்பி வந்தது எல்லாம் வீணாப் போச்சுன்னு பொலம்புதாங்க. எந்தக் கூறுகெட்ட மூதி வள்ளத்தக் கொண்டு நடுவுல விட்டானோன்னு அக்கா கேக்கு. ஆமாக்கா. இவனுகளுக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டைல ஏறாது. கடக்கரைல பெரிய போர்டே வச்சிருக்குக்கா, படத்தோட. அதையும் பாக்காமப் போனா யாரு என்ன செய்ய முடியும்?

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? கூட்டத்துல நாம மட்டும் பேசாம இருந்தா நல்லா இருக்காதுல்லா.

அடிக்குது. ஒங்க போனுதான். அதே நம்பரு. இல்ல, நான் எடுக்க மாட்டேன். என் குரல அவன் கேட்டாச்சு. மறுபடி கேட்டா ஊரக் கேப்பான், வள்ளம் யாருதுன்னு கேப்பான், எனக்கு நாக்கு ஒளறிரும். நீங்க எடுங்க. ஆவுடையப்பனான்னு கேப்பான், ஆமான்னு சொல்லுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லியே. நான் எறங்கிக்கிடுதேன். கொஞ்சம் வழி விடும்மா. அந்தா, அந்த ஒத்தப் பனைகிட்ட நிக்கேன். மாப்ளயக் கண்டுபிடிச்சாச்சு, கரைக்குக் கொண்டு வாராங்கன்னு சொன்னா, ஜன்னல் வழியா கைய மட்டும் ஆட்டுங்க. எனக்கு அது போதும்.

வேற எதையும் கேட்டாங்கன்னா எம்பக்கம் திரும்பாதிய.